அம்மிணிக்கு முதல் நோம்பி

ஜனவரி 10, 2025, வெள்ளி

நவம்பர் 27-ஆம் தேதி பிறந்தவளுக்கு இன்றோடு 44 நாள். பெயர் இன்னும் முடிவாகவில்லை. இரு வீட்டுப் பட்டியல்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடக்கின்றன. அதுவரை பாப்பா. முந்தாநாள் புதன்கிழமை ஆறு வாரத் தடுப்பூசி போட்டோம். தொடையில் ஊசி, வாயில் சொட்டு மருந்து, அன்றிரவு முழுக்கக் காய்ச்சல். நேற்று மாலைதான் சூடு இறங்கியது. இன்றிரவு ஈரோட்டுக்கு ரயில்.

என் அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் கொஞ்சமும் சம்மதமில்லை. "பச்சை உடம்பு, தையல்கூட ஆறியிருக்காது, பனிக்காலம் வேறு" என்று பெரம்பூர் வீட்டு வாசலில் டாக்ஸி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் போகலாம் என்றுவிட்டார். கணவரின் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பொங்கலுக்குப் பேத்தியைக் கூட்டிவர முடியுமா என்று அவர்கள் ஒரே ஒருமுறைதான் கேட்டார்கள். இரண்டாவது முறை கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களிடம் எப்படி மறுப்பது?

"பாப்பாவுக்கு முதல் நோம்பி" என்றார் மாமியார் போனில். கல்யாணமான புதிதில் இந்தச் சொல்லைக் கேட்டு நோன்பு என்று நினைத்து, காலையில் பட்டினியாக உட்கார்ந்திருந்தவள் நான். கொங்கு நாட்டில் பண்டிகை என்றாலே நோம்பிதான். அன்றைக்குத்தான் வயிறு முட்டச் சாப்பாடு. அதே போனில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "செலவெல்லாம் நானே வாங்கி வைத்துவிட்டேன், நீ ஒன்றும் கொண்டுவர வேண்டாம்." பிரசவச் செலவை என் அப்பா அம்மா பார்த்துக்கொண்டதைச் சொல்லிக் காட்டுகிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. கணவரிடமும் கேட்கவில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டு புழுங்கினேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர். வண்டி நகர்வதற்குள் கேள்விகள் முடிந்துவிட்டன. ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா, பால் போதுமா, தலை நின்றுவிட்டதா, எத்தனை கிலோ, ஏன் மை வைக்கவில்லை. பெண் என்றதும் "பரவாயில்லை" என்றார். எதற்குப் பரவாயில்லை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

இரவு இரண்டு மணிக்குப் பாப்பா வீரிட்டாள். விளக்கைப் போட்டால் மற்றவர்கள் விழிப்பார்கள், போடாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. கணவர் மேல் படுக்கையிலிருந்து இறங்கத் தடுமாறுவதற்குள் அந்த அம்மாள் எழுந்து, தன் போர்வையை இரண்டு கையாலும் விரித்துத் திரை போலப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடுகிற வண்டியில், இருபது நிமிடம். "உட்காருங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னேன். "குழந்தை குடிக்கட்டும்" என்றார். முன்னிரவில் சொன்ன அந்தப் பரவாயில்லையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

ஈரோட்டில் இறங்கும்போது இருட்டுப் பிரியவில்லை. மாமனார் வாடகைக் காரோடு வந்திருந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் பிளாஸ்க். பேத்தியை அவர் உடனே வாங்கவில்லை. கைகளை வேட்டியில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிறகுதான் நீட்டினார்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் காரை நிறுத்தினார்கள். ஈரோடு கிழக்குத் தொகுதிக்கு இடைத்தேர்தல், பிப்ரவரி 5-ஆம் தேதி வாக்குப்பதிவு. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். பறக்கும் படை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பைகள் மூன்று. முதல் பையில் ஸ்வெட்டர்கள். இரண்டாவதில் டயப்பர். மூன்றாவது பையின் பக்கவாட்டு ஜிப்பை அவர் திறந்தபோது நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கை உள்ளே போய்விட்டது. ரயிலில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்ததால் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்த, இரவின் நான்கு டயப்பர்கள் அங்கேதான் இருந்தன. முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருக்க வேண்டும். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட வந்த பெண் போலீஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார். பிறகு கார் ஜன்னலில் குனிந்து பாப்பாவிடம் கேட்டார்: "வாங்க அம்மிணி, ஓட்டுப் போடவுங்களா?"

இந்த "ங்க"வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பெரம்பூர்ப் பக்கம் குழந்தையைக் கொஞ்சுவது என்றால் வாடி, போடி, கழுதை, குரங்கு. அன்பு கூடக்கூட மரியாதை குறையும். இங்கே பிறந்து ஒன்றரை மாதமான சிசுவுக்கும் "ங்க" உண்டு. தொட்டிலில் மூத்திரம் போனவளிடம் "என்னங்க அம்மிணி, ஆச்சுங்களா?" என்று விசாரிக்கிறார்கள். கணவர் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் எங்கள் வீட்டு நாயிடம் "தள்ளுங்க" என்றதை என் அப்பா இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

சித்தோடு தாண்டியதும் பனி. சாலை ஓரத்து மஞ்சள் காடுகள் பாதி தெரிந்தன, பாதி இல்லை. டீக்கடையில் டீ 12 ரூபாய். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கார்வரை வந்து, "தாய்ப்பால் கொடுக்கிறவங்களுக்கு டீ வேண்டாமுங்க" என்று சூடாகப் பால் நீட்டினார். நான் கேட்டது டீ. குடித்தது பால். வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றிலும் தையல் போட்ட இடம் ஒருமுறை தன்னை நினைவூட்டிக்கொண்டது. முப்பத்தொன்று.

வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் கணவரின் அப்பத்தா. எண்பதைத் தாண்டியவர், கண்ணில் பார்வை பாதிதான். பாப்பாவைப் பக்கத்தில் கிடத்தியதும் விரல்களால் நெற்றி, மூக்கு, காது என்று தடவிப் பார்த்தார். "காது பெரியவர் காது" என்று காலமான தாத்தாவுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சோறு உண்டாயா, கண்ணு?"

நாற்பத்தைந்து நாளாக வீட்டுக்கு வந்தவர், வழியில் பார்த்தவர், போனில் அழைத்தவர் எல்லோரும் குழந்தை குடித்ததா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் திடீரென்று தொண்டை அடைத்தது. தூக்கமில்லாததால் இருக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

செலவு விவகாரம் இன்று தெளிந்தது.

காலையில் மாமியார் ஒரு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே காகிதப் பொட்டலங்கள்: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத வேர்களும் பட்டைகளும். "இதுதான் செலவு. கோபியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். பிள்ளை பெற்றவளுக்கு என்று சொன்னால் அவர்களே கணக்காகக் கட்டிக் கொடுப்பார்கள்" என்றார். விலை 420 ரூபாய். இந்தப் பக்கத்தில் செலவு என்றால் சமையலுக்கும் மருந்துக்குமான சரக்கு. இதற்காக நான் நாள்கணக்கில் புழுங்கியிருக்கிறேன். கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சத்தத்தில் பாப்பா எழுந்துவிட்டாள், ஆகவே அவரே தூங்க வைத்தார். நியாயம்தான்.

மதியம் செலவு ரசம். வறுத்து அரைத்த சரக்கோடு பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. முதல் வாய் கசப்பு, இரண்டாவது காரம், மூன்றாவதில் காது மடல் சூடாகிறது. நான்காவதுக்கு நாமே தட்டை நீட்டுகிறோம். கூடவே அரிசியும் பருப்பும் சாதம், நெய் மிதக்க. தனித்தனியாகச் சோறும் குழம்பும் வைத்துப் பழகியவளுக்கு இது சோம்பேறிச் சமையல் என்று முன்பு ஒரு எண்ணம் இருந்தது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தட்டு என்று உட்கார்ந்தபோதுதான் பிசைய வேண்டாத சோற்றின் அருமை விளங்கியது.

குளிப்பாட்டல் பெரிய சபை. மாமியார் தாழ்வான பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பாப்பாவைக் குப்புறக் கிடத்தி, வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சுற்றி நின்று நீர் சூடா, பதமா என்று வழக்காடினார்கள். சென்னையில் நான் பிளாஸ்டிக் தொட்டியில் நடுங்கிக்கொண்டே குளிப்பாட்டுவேன், அவளும் கதறுவாள். இங்கே கண்ணைத் திறந்து மூடி அனுபவிக்கிறாள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மூக்கில் ஊதப் போனார்கள், அதைத் தடுத்தேன். அப்பத்தா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார், அதையும் தடுத்தேன். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, கூடாது என்று சொன்னபோது அறை அமைதியானது. தேனா? கூடாது. சர்க்கரைத் தண்ணீர்? கூடாது. "நாங்கள் வளர்த்ததெல்லாம் செத்தா போயிற்று?" என்றார் ஒரு பெரியம்மா. அப்பத்தா கையை உயர்த்தினார். "எனக்கு ஏழு பிறந்தது. நாலுதான் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி செய்யட்டும்." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. வசம்பு மணியாகக் கோத்துக் கையில் கட்டப்பட்டது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவள் வாயில் வைக்கும் வயது வரும்வரை.

ஜனவரி 13, திங்கள்

சென்னையில் போகி என்றால் விடிகாலையில் டயர் நாற்றம். பாப்பாவின் மூச்சை நினைத்து நான் பயந்தது அதற்குத்தான். இங்கே ஒரு புகையும் இல்லை. இங்கே இன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வீட்டு இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பில், செருகுகிறார்கள், மாட்டுக் கொட்டகையில் செருகுகிறார்கள், காட்டு மூலைகளிலும் கிணற்று மேட்டிலும் வைக்கிறார்கள். மோட்டார் அறைக்கும் ஒரு கொத்து. மாமனாரின் பழைய டிவிஎஸ் 50 வண்டிக்கும் ஒன்று. கடைசியில் தொட்டில் கட்டியிருந்த விட்டத்தில் ஒன்று.

பூளைப்பூ வெள்ளையாக, பஞ்சு மாதிரி. சென்னைச் சந்தையில் ஒரு பிடி 20 ரூபாய் என்றேன். "காட்டில் கிடக்கிறதுக்குக் காசா?" என்று மாமனார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மஞ்சள் கொத்தும் அப்படித்தான். காட்டிலிருந்து கிழங்கோடு பிடுங்கி மண் உதிர உதிரக் கொண்டுவந்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் அது. எனக்கு அதுவரை தூளாக மட்டுமே தெரியும். இலையைக் கசக்கினால் வரும் வாசம் டப்பாவில் அடைபடாது.

ரேஷன் கடையிலிருந்து பொங்கல் தொகுப்பு வந்துவிட்டது: பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக்கரும்பு ஒன்று. பணம் இந்த ஆண்டு இல்லை என்பதைத் திண்ணையில் நீண்ட நேரம் பேசினார்கள். அந்தச் சர்க்கரையை மாமியார் டீக்கு என்று ஒதுக்கிவிட்டார். பொங்கலுக்கு நாட்டுச் சர்க்கரைதான். பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடியிலிருந்துதான் போகிறது என்று அவர் சொன்னபோது, பழனி முருகனே இந்த வீட்டு வாடிக்கைக்காரர் என்பது போல ஒரு நிமிர்வு.

இரவு குளிர் எலும்பைத் தொட்டது. "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்றார் அப்பத்தா. தை பிறக்க இன்னும் சில மணி நேரம் இருந்தது, பனிக்கு அவசரம் போலிருக்கிறது. பன்னிரண்டு, இரண்டே கால், நான்கு, ஐந்தரை. பாப்பா எழுந்த நேரங்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டயப்பர் தீர்ந்துவிட்டது.

நான் சரியாகத்தான் எண்ணி எடுத்து வந்தேன். குளிரில் கணக்கு மாறும் என்பதை யாரும் சொல்லவில்லை. கவுந்தப்பாடிக் கடைகள் மூடிக் கிடந்தன. கணவர் வண்டியில் எங்கெங்கோ சுற்றிவிட்டு இரண்டு வயதுக் குழந்தைக்கான பாக்கெட்டை வாங்கி வந்தார், அது அவளுக்குக் கழுத்துவரை வந்தது. மாமியார் பெட்டியைத் திறந்து மாமனாரின் பழைய வேட்டிகளை எடுத்தார். நூறு தடவை துவைத்து வெண்ணெய் போல ஆகிவிட்ட துணி. நீளமாக, சதுரமாக, சரசரவென்று கிழித்தார். கிழிக்கிற சத்தம் கேட்டு மாமனார் எட்டிப் பார்த்தார். "அது நல்ல வேட்டி" என்றார் மெதுவாக. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

துணி காயத்தான் வழியில்லை. ஒன்பது மணிவரை பனி. மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் கங்கும் கொஞ்சம் சாம்பிராணியும் வைத்து, மேலே துணிகளைப் பரப்பிக் காய வைத்தார்கள். புகை குழந்தைக்கு ஆகாது என்பதில் நான் உறுதியாக இருந்ததால் கூடை கொட்டகைக்குப் போனது. சண்டை இல்லாமல் நான் வென்ற ஒரே வழக்கு இதுதான்.

வாசலில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, மண் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டி அடுப்பேற்றினார்கள். முதல் நோம்பி என்பதால் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு எதிரே உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. பட்டுப்பாவாடை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் குல்லா. புடவை கட்டிப் பூ வைத்து நானும் தயார். சத்தியமங்கலத்து மல்லி, ஒரு முழம் 100 ரூபாய். பானையில் நுரை எழும்பத் தொடங்கியதும் மடியில் இருந்தவள் வாயைக் கோணினாள். எழுந்து உள்ளே ஓடினேன்.

கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் "பொங்கலோ பொங்கல்" கேட்டது. தட்டுச் சத்தம், குழந்தைகளின் கூச்சல், கிழக்கே வழிந்தது என்று யாரோ அறிவிப்பது, எல்லாம். எனக்குப் பட்டுப்பாவாடையின் முதுகுதான் தெரிந்தது. பதினைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தால் வாழையிலையில் படைத்து முடித்து, கற்பூரம் அணைந்திருந்தது. மாமியார் முதல் கரண்டிப் பொங்கலை என் இலையில் வைத்தார். நான் சிரித்தேன். அது அவ்வளவு நன்றாக வரவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்தார்.

மாலைவரை பார்வையாளர்கள். 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் பாப்பாவின் கைக்குள் திணிக்கப்பட்டன. அவள் எதையும் விடுவதில்லை, பிடுங்கினால் அழுகிறாள்.

ஜனவரி 15, புதன்

காலையில் ஒரு தூரத்துச் சொந்தம் பாப்பாவைப் பார்த்துவிட்டு, "அப்பா நிறம் வரவில்லையே" என்றது. இந்தப் பேச்சு சென்னையிலும் உண்டு. குங்குமப்பூவிலிருந்து கடலை மாவுவரை எல்லா மருந்தும் எனக்குச் சொல்லப்பட்டாயிற்று. நான் பதில் தேடுவதற்குள், மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்த மாமனார் திரும்பாமலே சொன்னார்: "காங்கேயம் கன்றுக்குட்டி பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்து மயிலையாகும். அதற்காக யாராவது கன்றைக் குறை சொல்வோமா? மாறினாலும் மாடு, மாறாவிட்டாலும் மாடு." சொந்தம் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியது. குழந்தையை மாட்டோடு ஒப்பிட்டதில் எனக்கு வருத்தம் உண்டா என்று பிற்பாடு கணவர் கேட்டார். இந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

இங்கே உண்மையான நோம்பி இன்றுதான். பட்டிப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மூக்கணாங்கயிறு முதல் எல்லாக் கயிறும் புதிதாக மாற்றினார்கள். பட்டியின் நடுவே சாணத்தால் வரப்புக் கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம், உள்ளே நீர், வரப்பெல்லாம் ஆவாரம்பூவும் பூளைப்பூவும். பொங்கல் வைத்துப் படைத்த பிறகு மாட்டை அந்தக் குளத்தின் வழியாக மிதித்துப் போகவிடுவார்கள். மணிக்கணக்கில் கட்டுவது ஒரு மிதியில் போய்விடும். அதற்காகத்தான் கட்டுகிறார்கள்.

சாயங்காலம் பட்டியில் அடுப்பு மூட்டி, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் தட்டும் குச்சியுமாகத் தயாராக நின்றார்கள். நானும் பாப்பாவோடு போய் உட்கார்ந்தேன். நடந்ததே மறுபடி நடந்தது. பானை சூடேறுவதற்கும் இவளுக்குப் பசியெடுப்பதற்கும் ஏதோ ஒப்பந்தம். வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இந்த முறை அவள் குடித்துவிட்டு விக்கல், விக்கல் நின்றதும் துணி மாற்றல், மாற்றியதும் மறுபடி பசி. அரை மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. இனிப் போய் என்ன என்று நினைத்தேன். தட்டுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஏதோ தாமதம் போல என்று எழுந்து போனேன்.

பட்டியில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான் உட்கார்ந்தேன். மாமியார் குனிந்து விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நுரை திரண்டு, பானையின் கழுத்து மஞ்சளைத் தாண்டி, வழிந்தது. "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று மாமனார் குரல் கொடுக்க, குழந்தைகள் தட்டைப் பிளந்தார்கள். பாப்பா அவ்வளவு இரைச்சலிலும் அசையாமல் தூங்கினாள். செவலைக் கன்று தெப்பக்குளத்தைத் தாண்ட மறுத்து, பின்னங்காலால் சாணத்தை என் பட்டுப்புடவை மேல் தெளித்தது. 4,800 ரூபாய்ப் புடவை. துவைத்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் பார்த்தீர்களா என்று இரவு கணவரிடம் பெருமையடித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அம்மா மூன்று தடவை விறகை வெளியே இழுத்துவிட்டார். அப்பா நேரம் போகிறது என்றார், பையன்கள் கத்தினார்கள். 'பெற்றவள் வரட்டும், மாடு ஓடிவிடாது' என்று உட்கார்ந்துவிட்டார்."

மாமியார் அப்போது அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தண்ணீர் சில்லென்று இருக்கிறது, கை வைக்காதே, போய்ப் படு" என்றார்.

ஜனவரி 16, வியாழன்

பூப்பறிக்கும் நோம்பி. ஊர்ப் பெண்பிள்ளைகள் கூடி ஆவாரம்பூ பறிக்கப் போனார்கள், கும்மிச் சத்தம் தூரத்தில் கேட்டது. நாத்தனார் குடும்பம் கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்து, மீன் தின்று, நெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தது. நான் நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சுற்றுலா அதுதான்.

ஜனவரி 17, வெள்ளி

பவானி. சம்பந்தர் திருநணா என்று பாடிய தலம். பவானியும் காவிரியும் சேரும் கூடுதுறையில் கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் கலக்கிறது என்பார்கள். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் நிறுத்திப் பாலூட்டும் அறையைத் தேடினோம். 2015-இல் அரசு பஸ் நிலையங்களில் திறந்த அறைகளில் ஒன்று. கதவு இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி வைத்திருந்தவர் திறந்து விட்டதும் உள்ளே துடைப்பங்களும் ஒரு உடைந்த நாற்காலியும் வாளியும். "நோம்பி நேரமுங்க" என்றார். துடைப்பத்துக்கும் நோம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. வாளியைத் தள்ளிவிட்டு அங்கேயே கொடுத்தேன்.

தை வெள்ளி என்பதால் சங்கமேஸ்வரர் கோயிலில் நல்ல கூட்டம். வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் "கைக்குழந்தை" என்று ஒரு சொல் சொன்னார், அது காதுக்குக் காது போய், வழி தானாகப் பிரிந்தது. வேதநாயகி அம்மன் சன்னதியில் கணவர் அந்தக் கலெக்டர் கதையைச் சொன்னார். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ இந்த ஊரில் தங்கியிருந்த இரவில், ஒரு சிறுமி வந்து தூக்கத்திலிருந்து எழுப்பி வெளியே அழைத்துப் போனாளாம். அவர் வெளியே வந்ததும் தங்கியிருந்த கட்டடம் இடிந்து விழுந்ததாம். வந்தவள் அம்மன்தான் என்று 1804-இல் யானைத் தந்தத்தில் ஒரு கட்டில் செய்து கோயிலுக்குக் கொடுத்தார். "நம் வீட்டிலும் ஒரு சிறுமி தினம் எழுப்புகிறாள், கூரை மட்டும் இன்னும் விழவில்லை" என்றார் கணவர். தூக்கத்தைக் கெடுத்தவளுக்கே படுக்கக் கட்டில் செய்துகொடுத்த அந்த வெள்ளைக்காரரின் மனநிலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

திரும்பும்போது பாப்பாவை விரித்துப் போட ஒரு சின்ன ஜமக்காளம் வாங்கினோம். 650 சொன்னார்கள், 600-க்குக் கொடுத்தார்கள். கைத்தறிதானா என்று மாமனார் ஓரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைக்காரர் கோபிக்காமல் அவருக்கு ஒரு முக்காலி போட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றிரவு ஈரோட்டில் ஏறி இன்று காலை பெரம்பூர். ரயிலில் குறிப்பிட ஒன்றுமில்லை. பாப்பா மூன்று முறை எழுந்தாள், பக்கத்துப் படுக்கைக்காரர் மூன்று முறை பெருமூச்சு விட்டார்.

கிளம்பும்போது அப்பத்தா பாப்பாவின் உள்ளங்காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அடுத்த நோம்பிக்கு நடந்து வருவீங்களா அம்மிணி?" என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருப்பவர் போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மாமனார் பேசவில்லை. காரில் ஏற்றிய மூட்டைகளை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணினார். நாங்கள் கொண்டுபோனது மூன்று பை. திரும்பியது ஏழு.

மதியம்தான் மூட்டைகளைப் பிரித்தோம். நாட்டுச் சர்க்கரை ஐந்து கிலோ. அரைத்த செலவுப் பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், மேலே மாமியாரின் கையெழுத்தில் "இரண்டு ஸ்பூன், காலையில்". பச்சை மஞ்சள், மண்ணோடு. எங்கள் வீட்டில் சமைப்பவர் யாரென்று மறந்துவிட்டு வைத்தது போல எட்டுக் கிலோ அரிசி. வேட்டித் துணிச் சதுரங்கள், மடித்து அடுக்கி, முப்பது. இது இருக்கட்டும் என்று அம்மா உடனே தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். துணியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி" என்றார். போவதற்கு முன்பு அவர் சொன்னது எதுவும் மறுபடி பேசப்படவில்லை.

அடியில் செய்தித்தாளில் சுருட்டி ஒரு காப்புக் கொத்து. எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு என்று எப்போது வைத்தார்கள் என்று தெரியவில்லை. வேப்பிலை சுருண்டிருந்தது, ஆவாரம்பூ வாடியிருந்தது, பூளைப்பூ பை முழுக்க உதிர்ந்து ஒவ்வொரு துணியிலும் ஒட்டியிருந்தது. கணவர் நாற்காலி போட்டு ஏறி நிலைப்படிக்கு மேலே செருகினார். எதிர்வீட்டுப் பையன் என்ன அண்ணா இது என்று கேட்டான். அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே அழுகை கேட்டது. போய்த் தூக்கினேன். முன்னெற்றி மயிரில் ஒரு வெள்ளைப் பூளை.